சேவை நிலையம் தொடங்கப் போறீங்களோ, முதல்ல ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கோ

போன கிழமை ஒரு தம்பி ஃபோன் எடுத்தவர். அண்ணை, நாங்கள் நாலைஞ்சு பேர் சேந்து கிளிநொச்சி ரவுணுக்குள்ள ஒரு நிலையம் தொடங்கப்போறம், பெடியளுக்கும் செய்யோணும், சுகாதாரமும் செய்யோணும், கஷ்டப்பட்ட சனத்துக்கும் செய்யோணும், எத்தினை லட்சம் வேணும், லோகோ அடிச்சாச்சு எண்டார். நான் சொன்னன், லோகோவை ஒரு பக்கத்தில வையும், முதல்ல போய் ஒரு சீஆர் கொப்பி, அதுதான் அந்தப் பெரிய எழுத்துக் கொப்பி, வாங்கும், மட்டை தடிச்சதாப் பாத்து. நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டார். அவருக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேத்து இதில எழுதுறன். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பக்கம் இருக்கிற ஆக்களுக்கும் முக்கால்வாசி சரிவரும்.

முதல் ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. எங்கட இடத்தில சேவையே இல்லை எண்டு சொல்லுறது பிழை. டிஎஸ் ஒபிசுக்குள்ள, அதுதான் பிரதேச செயலகத்துக்குள்ள, ஒருக்கா ஆறுதலா நடந்து பாருங்கோ. சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை, மகளிர் அபிவிருத்தி, உளவளத்துணை, இளைஞர் சேவை, சமுர்த்தி ஆக்கள் எண்டு ஒவ்வொரு மேசையா இருக்கினம். எம்ஓஎச் எண்ட சுகாதார வைத்திய அதிகாரி ஒபிசில பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார், குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறா, அதுதான் நாங்கள் மிட்வைஃப் எண்டு சொல்லுற ஆள். பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. காசும் கேக்கிறேல்லை. பிறகேன் சனம் கஷ்டப்படுது எண்டா, துணுக்காய்ப் பக்கம் இருக்கிற ஒரு அம்மாவுக்கு முல்லைத்தீவுக் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, ஒரு அலுவல் எண்டு வையுங்கோ, விடிய பஸ் எடுத்து மாங்குளம் வந்து, அங்க நிண்டு மாறி, ஏ34 ரோட்டால முடிவுமட்டும் போகோணும், அண்டைக்குக் கூலியும் போச்சு, போனா எந்த மேசை எண்டு தெரியாது, மேசையைப் பிடிச்சா ஆள் ஃபீல்டுக்குப் போட்டார், அடுத்த கிழமை வாங்கோ எண்டுவினம், அடுத்த கிழமை போனா ஒரு போட்டோக்கொப்பி குறையுது. மூண்டாம் தரம் அந்த அம்மா போகமாட்டா. சரி விதி எண்டு இருந்திடுவா.

அந்த மூண்டாம் தரம் அவவோட கூடப் போறதுதான் உங்கட நிலையத்தின்ர வேலை. அரிசி பருப்பு குடுக்கிறது, கொப்பி பென்சில் குடுக்கிறது எல்லாம் பிறகு. கூடப் போறதுக்கு ஆள் இருந்தா அரைவாசிப் பிரச்சினை அதிலயே முடியும், இதை நான் கனகாலம் பிழையாச் செய்து பாத்துத்தான் சொல்லுறன்.

இது ஒண்டும் நாங்கள் கண்டுபிடிச்ச புது விசயமும் இல்லை. எழுபதுகளில வவுனியாவில டொக்டர் ராஜசுந்தரமும் கட்டிடக்கலைஞர் டேவிட் ஐயாவும் காந்தியம் எண்டு ஒரு அமைப்பைத் தொடங்கி, கலவரங்களில அடிபட்டு வந்த மலையகச் சனத்தை எல்லைப்பக்கக் கிராமங்களில இருத்தி, சின்னப்பிள்ளையளுக்குப் பாலர் பாடசாலை, சத்துணவு, ஊரூராப் போற வைத்தியம் எண்டு செய்தவை. ஊர்ப் பொம்பிளைப்பிள்ளையளையே பழக்கி ரீச்சராக்கினவை. 1983 ஏப்ரலில ரெண்டு பேரையும் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், ஜூலையில வெலிக்கடைச் சிறைப் படுகொலையில ராஜசுந்தரமும் கொல்லப்பட்டார். இண்டைக்கு நிலையம் தொடங்கிற கனபேருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிஞ்சிருக்கிறது நல்லது, எங்களுக்கு முன்னால நடந்த ஆக்கள் இருக்கினம்.

கொப்பி எதுக்கு?

முதல் ஒரு மாசம் ஒண்டும் தொடங்காதேங்கோ. கொப்பியைக் கொண்டு திரியுங்கோ. முன்பக்கம் ஒபிசர்மார், பின்பக்கம் சனம். ஒபிசர்மாரைப் பற்றி எழுதேக்க பேர் பதவி மட்டும் எழுதிக் காணாது, எந்த நாள் ஒபிசில இருக்கிறவர், எந்த நாள் ஃபீல்ட், எந்தெந்த ஜிஎஸ், அதுதான் கிராம சேவையாளர், பிரிவு அவருக்குக் கீழ, ஃபோன் எடுத்தா எடுக்கிறவரோ இல்லையோ, ஒரு அலுவலுக்கு என்னென்ன போட்டோக்கொப்பி கேக்கிறவர் எண்டு எல்லாம் எழுதுங்கோ. கிளிநொச்சி மாவட்டம் எண்டா கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி எண்டு நாலு பிரதேச செயலகம், முல்லைத்தீவில ஆறு. ஒரு ஆளின்ர வீடு எந்தப் பிரிவுக்குள்ள வருது எண்டு தெரியாமல் பிழையான ஒபிசுக்குக் கூட்டிக்கொண்டு போறதுதான் புதுசாத் தொடங்கிற ஆக்கள் விடுற முதல் பிழை. தருமபுரத்தில இருக்கிற ஆளை நாங்கள் கரைச்சிக்குக் கொண்டுபோய் ரெண்டு மணித்தியாலம் லைனில நிண்டு, பிறகு இது கண்டாவளையெல்லோ எண்டு திருப்பி விட்டதும் நடந்தது.

பின்பக்கத்துக்கு, சனம் சும்மா இருக்கிற இடங்களில போய் இருங்கோ. கிளினிக் லைன், பஸ் ஸ்ராண்ட், சனசமூக நிலையம், மில்லடி, கோயில் மடம், சேர்ச் வாசல், பள்ளிவாசல் பக்கம். கையில போர்ம் கொண்டு போகவே வேண்டாம், அதை நான் கெஞ்சிக் கேக்கிறன். 2009இல மெனிக்பாம் அகதி முகாமில இருந்த நாளில இருந்து இந்தச் சனத்தின்ர பேர், வயது, குடும்ப அட்டை இலக்கம் எழுதாத நிறுவனம் இல்லை. ஒரு அம்மா என்னைப் பாத்துக் கேட்டவ, தம்பி இது எத்தினையாம் தரம் எழுதுறியள், உங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் கொப்பி பாத்து எழுதத் தெரியாதோ எண்டு. எனக்கு வாய் திறக்கேலாமல் போச்சு. கதையுங்கோ, ரீ குடியுங்கோ, வீட்ட வந்து எழுதுங்கோ. பேர் எழுதாதேங்கோ, பிரச்சினையை மட்டும். ஒரு மாசம் முடிய கொப்பியைத் தட்டிப் பாத்தா மூண்டு நாலு விசயம் திரும்பத் திரும்ப வந்திருக்கும், உங்கட நிலையம் அந்த மூண்டு நாலோட தொடங்கினாப் போதும்.

ஆக்கள், அறை, பதிவு

ஆக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அஞ்சு பேர் காணும், அதில குறைஞ்சது ரெண்டு பேர் பொம்பிளையள், ஒராளுக்குச் சிங்களம் வாசிச்சு எழுதத் தெரியோணும், ஒராளிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கோணும், ஒராள் வயது போனவரா ஊருக்குத் தெரிஞ்ச முகமா இருக்கோணும். சிங்களம் ஏன் எண்டா தமிழும் அரசகரும மொழிதான், ஆனா கொழும்பில இருந்து வாற கடிதம் அதைப் பாத்துக்கொண்டு வாறேல்லை, அதைக் கையில வைச்சுக்கொண்டு வாசிக்க ஆள் தேடித் திரியிற சனம் கனக்க. கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் பகைக்காதேங்கோ. அவையைக் கேட்டுத் தொடங்கினா ஊர் உங்கட, கேக்காமல் தொடங்கினா நீங்கள் வெளியாக்கள், ரெண்டு தெரு தள்ளிப் பிறந்திருந்தாலும் அதுதான்.

அறை பஸ் நிக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கோணும். உள்ளுக்க வாடகை குறைவு எண்டு போய் ஒழுங்கைக்குள்ள எடுக்காதேங்கோ, ஓட்டோக்காசு குடுத்து உங்களிட்ட ஒருத்தரும் வரமாட்டினம். கீழ்த்தட்டு, படி இல்லாமல் சரிவு. எங்கட இடத்தில கால் இழந்த ஆக்கள், முள்ளந்தண்டு பாதிச்ச ஆக்கள் எத்தினை பேர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, அவைக்கு ரெண்டு படியே மதில்தான். கக்கூசும் சக்கரக்கதிரை போற அகலத்தில. ஒரு மூலையில ரெண்டு கதிரை, யன்னலுக்கும் வாசலுக்கும் தெரியாதமாதிரி, அழுற ஆள் அழுறதுக்கு. போர்ட் சின்னனாப் போடுங்கோ, காசு தந்தவரின்ர படத்தைப் போர்டில போடவே வேண்டாம்.

பதிவு எண்டோன்ன எல்லாரும் கொழும்புக்கு ஓடப் பாக்கினம். அவசரப்படாதேங்கோ. ஒரு ஊருக்குள்ள எண்டா சனசமூக நிலையமா பிரதேச சபையோட பதிஞ்சே கனக்கச் செய்யலாம். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள்ள எண்டா அந்த டிஎஸ் ஒபிசில சமூக சேவைப் பக்கம் கேளுங்கோ, மாவட்டம் முழுக்க எண்டா கச்சேரி, மாவட்டங்கள் தாண்டினாத்தான் கொழும்பில இருக்கிற அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம். இந்தக் கடைசி மூண்டுக்கும் அடி 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம். சிலபேர் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில உத்தரவாதக் கம்பனியாப் பதியினம், அது பெரிய காசு வாற இடங்களுக்குச் சரி, அஞ்சு பேரும் ஒரு மோட்டார் சைக்கிளும் எண்டா கணக்காளருக்குக் குடுத்தே முடிஞ்சிடும்.

எதில பதிஞ்சாலும் யாப்பு, கூட்டறிக்கை, வருசக் கணக்கறிக்கை எண்ட மூண்டும் வேணும். யாப்பை வேற சங்கத்தின்ரயைப் பாத்து அப்பிடியே கொப்பி அடிக்காதேங்கோ, நாங்கள் அடிச்சு அதில கோயில் திருவிழா உபயம் பற்றி ஒரு பந்தி அப்பிடியே வந்து, டிஎஸ் ஒபிசில சிரிச்சே போட்டினம். வங்கிக் கணக்கு சங்கத்தின்ர பேரில, தலைவர் செயலாளர் பொருளாளர் மூண்டு பேரில ரெண்டு பேர் கையெழுத்து, அதிலயும் ரெண்டு பேர் ஒரே வீட்டு ஆக்களா இருக்கக் கூடாது. ஒரு வேலை செய்ய முதல் ஜிஎஸ்ஸுக்கும் டிஎஸ்ஸுக்கும் கடிதம் குடுத்து, குடுத்ததுக்குச் சீல் அடிச்ச கொப்பியை ஃபைலில போடுங்கோ. சிவில் உடுப்பில ஆரும் வந்து நீங்கள் ஆர், ஆர் காசு அனுப்பிறது எண்டு கேட்டா, எங்கட பக்கம் அப்பிடி வந்து கேக்கிறது நடக்கிறதுதான், ஃபைலை எடுத்து மேசையில வைச்சிட்டு ரீ குடுக்கிறதுதான் சுகமான வழி. ஆனா நிலையம் தொடங்கினாப் பிறகு ஆர் என்ன பிரச்சினையோட வந்தது எண்டு எழுதிற சனத்தின்ர கொப்பி அந்த மேசைக்கு வரவே கூடாது. அது பூட்டின அலுமாரிக்குள்ள.

பெடியள்

இளைஞர் வேலை எண்டா செமினார் எண்டு நினைக்கிற ஆக்களோட எனக்கு ஒத்துவராது. ஒரு கரப்பந்து நெற், ஒரு நல்ல பந்து, பின்னேரம் நாலரைக்குத் திறந்த வளவு, இதுதான் தொடக்கம். முதல் மூண்டு மாசம் ஒரு புத்திமதியும் சொல்லாதேங்கோ. விளையாட வாறவன் ஒரு நாள் தானாக் கதைப்பான், நெற் கழட்டேக்க, இருட்டுப் படேக்க, அப்ப கேக்கிறதுக்கு ஒராள் நிக்கோணும்.

பொம்பிளைப்பிள்ளையளுக்கு அந்த நேரம் சரிவராது, வீட்டில விடாயினம். சனி காலமை, ரியூசன் முடியிற நேரம், தாய்மாரும் வந்து இருக்கலாம் எண்டு சொல்லுங்கோ. தாய்மார் வந்து இருந்து கதைக்கிற அந்த நேரத்தில கொப்பியின்ர பின்பக்கத்துக்கு வாற விசயங்கள் வேற எங்கயும் வராது.

தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில உங்கட பெடியளை இளைஞர் கழகமாப் பதியுங்கோ, 13 வயதில இருந்து 29 வரை சேரலாம், அதுக்குத்தான் டிஎஸ் ஒபிசில இளைஞர் சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். பதிஞ்சா விளையாட்டுப்போட்டி, பயிற்சி எல்லாம் அதால வரும்.

என்னைக் கேட்டா பெடியளில கவனமாப் பாக்கவேண்டிய காலம் ஓஎல், அதுதான் சாதாரண தரச் சோதனை முடிஞ்சு ரிசல்ட் வரும்வரைக்கும் இருக்கிற மாசங்கள். பள்ளிக்கூடம் இல்லை, வேலை இல்லை, கையில ஃபோன். மாவா எண்ட போதைப் பாக்குத் தொடங்கிறதும், ஐஸ் போதை எண்டா என்ன எண்டு பாக்கிறதும் அந்த வெறும் மாசங்களிலதான். அதுக்குள்ள மூண்டு நாள் சிங்களம், ரெண்டு நாள் இங்கிலீஷ், ஒரு மோட்டார் சைக்கிளைக் கழட்டிப் பூட்டிற வகுப்பு எண்டு ஏதாவது வையுங்கோ, கூலிக்குப் போற பெடியளுக்கு இரவில வையுங்கோ. ரிசல்ட் வந்தோன்ன கணக்கில விழுந்த பிள்ளையளைத் தேடிப் போங்கோ, பாஸானவை தாங்களா வருவினம், விழுந்தவை ஒளிச்சிடுவினம். என்விகியூ எண்டு தொழில் தகைமைச் சான்றிதழ் வழி ஒண்டு இருக்கு, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா எண்ட அரச பயிற்சி நிறுவனம், அறிவியல்நகரில 2016இல திறந்த ஜேர்மன் ரெக் எண்டு படிக்க இடங்கள் இருக்கு. பேப்பரைக் கையில குடுத்து நீ போய் விண்ணப்பி எண்டா அவன் போகமாட்டான். முதல் நாள் மோட்டார் சைக்கிளில ஏத்திக்கொண்டு போய் அந்த வளவைக் காட்டுங்கோ, வெல்டிங் அடிக்கிற சத்தம் கேட்டா அவனே இறங்கிக் கேப்பான்.

போதைக்குப் போன பிள்ளையைப் பற்றி ஒண்டு மட்டும் சொல்லுறன். நீங்கள் பொலிஸ் இல்லை. கூட்டம் போட்டு, பேர் சொல்லி, தகப்பனைக் கூப்பிட்டு நிப்பாட்டி வைச்சு அவமானப்படுத்தினா அவன் வளவுக்கும் வராமல் போவான், அவன்ர சிநேகிதன்மாரும் வராமல் போவாங்கள். ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு எண்டு சொன்னனே, கிளினிக் நாளைக் கேட்டு, கூடப் போங்கோ.

பிறகு ஒரு கட்டாய விதி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோட வளந்த ஆள் தனிய ஒருத்தர் கதவு பூட்டின அறைக்குள்ள இருக்கக் கூடாது, அது தலைவரா இருந்தாலும், ஐயரா இருந்தாலும், ஃபாதரா இருந்தாலும், காசு தாற வெளிநாட்டு மாமாவா இருந்தாலும். பிள்ளைக்கு ஏதும் நடந்திருக்கு எண்டு தெரிஞ்சா சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்கோ, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கோ. ஊருக்குள்ள பேசித் தீர்க்கிறம் எண்டு ஆரும் வந்தா அவையை வெளியில விட்டுக் கதவைச் சாத்துங்கோ. 16 வயதுமட்டும் பள்ளிக்கூடம் கட்டாயம், இடைநடுவில நிண்ட பிள்ளையைப் பள்ளிக்கூடம் எடுக்கமாட்டுது எண்டாலும் அந்தச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிட்டத்தான் கூட்டிக்கொண்டு போகோணும்.

சுகாதாரம்

எங்கட பெரிய பிழை இதிலதான். தொடங்கின புதுசில வெளியில இருந்து வந்த ஒரு குழுவோட சேந்து மருத்துவ முகாம் ஒண்டு வைச்சம். பந்தல், மைக், மாலை. சனம் அள்ளுப்பட்டு வந்தது, ஒரு பை குளிசையோட போனது. ரெண்டு கிழமை கழிச்சு ஒரு அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில எண்டு கேள்விப்பட்டுப் போனா, அவ தன்ர கிளினிக் பிறஷர்க் குளிசையை நிப்பாட்டிப்போட்டு நாங்கள் குடுத்த விற்றமினைக் குடிச்சிருக்கிறா, இது வெளிநாட்டுக் குளிசை, நல்லது எண்டு. அதுக்குப் பிறகு எங்கட நிலையத்தில பனடோல்கூடக் குடுக்கிறேல்லை.

நிலையம் குளிசை குடுக்கத் தேவையில்லை. கிளினிக் கொப்பியைப் பாக்கத் தெரிஞ்ச ஒராள் இருந்தாக் காணும். ஆருக்கு எந்தத் திகதி கிளினிக், ஆர் போன மாசம் போகேல்லை, ஏன் போகேல்லை. சாப்பிடாமல் வந்து இரத்தம் குடு எண்டு சொன்னா, உள்ளூரில இருந்து வாற சீனி வருத்தக்காரர் முதல் பஸ்ஸில வந்து லைனில நிண்டு தலைசுத்தி விழுறது நடக்கிற விசயம், இரத்தம் குடுத்தோன்ன சாப்பிட ஒரு பாண் துண்டும் ஒரு பிளேன்ரீயும் கையில கொண்டு போங்கோ. இதை ஒருத்தரும் திட்டத்தில எழுதமாட்டினம், ஆனா இதாலதான் அந்த ஐயா அடுத்த மாசமும் வருவார்.

காலபோகத்துக்கு வயல் விதைக்கத் தொடங்க முதலே பிஎச்ஐயைப் பிடியுங்கோ. எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே குடிக்கிற குளிசை இருக்கு, டொக்சிசைக்கிளின், வயலுக்கு இறங்கிற ஆக்களுக்கு எம்ஓஎச் ஒபிசால இலவசமாக் குடுக்கிறது, பிரச்சினை என்னெண்டா வயல்காரருக்குப் பகல் ஒபிசுக்குப் போக நேரம் இல்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் பிஎச்ஐயைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்திலயே பதியச் சொல்லுங்கோ. குடிக்கக் கூடாத ஆக்களும் இருக்கினம், கர்ப்பிணியள் மாதிரி, அதால கையால கைக்கு மாத்திக் குடுக்கிற வேலை வேண்டாம். சேத்துக்குள்ள நிண்டிட்டு வந்து காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு எண்டா ரெண்டு நாள் பாப்பம் எண்டு இருக்காமல் ஆஸ்பத்திரி, போன உடன நான் வயல் செய்யிறனான் எண்டு டொக்டருக்குச் சொல்லோணும்.

பாம்பு கடிச்சா வெட்டுறது, உறிஞ்சிறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேண்டாம், ஆளை அசைக்காமல் கெதியா ஆஸ்பத்திரி. புடையன் கடிச்ச ஆளை விசகடி வைத்தியரிட்ட முதல் கொண்டுபோய் நேரம் போக்காட்டின கதை ஒவ்வொரு ஊரிலயும் ஒண்டு இருக்கு. 1990 அம்புலன்ஸ் 2018இல இருந்து எங்கட மாகாணத்திலயும் ஓடுது, காசு இல்லை. ஆனா கோல் எடுக்கிற ஆளுக்கு உங்கட வீட்டடியைத் தெரியாது, மூண்டாம் வாய்க்கால், ஆலமரத்தடி எண்டா விளங்காது. ஒவ்வொரு ஊரிலயும் பள்ளிக்கூடம், சங்கக்கடை மாதிரித் தெரிஞ்ச ஒரு இடத்தை எழுதி வீட்டுக் கதவில ஒட்டிவிடுங்கோ, அந்த இடத்தில ரோச்சோட ஒராள் நிக்கோணும் எண்டும் எழுதுங்கோ.

35 வயதான பொம்பிளையளுக்கு வெல் வுமன் கிளினிக் இருக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முன்கூட்டிப் பாக்கிறது. தனியப் போக வெக்கம். மாதர் சங்கத்தில எட்டுப் பேராச் சேத்து ஒரே வானில அனுப்புங்கோ, சிரிச்சுக் கதைச்சுப் போட்டு வருவினம். வவுனியாப் பக்கம் எண்டா சிறுநீரக வருத்தத்தையும் சேருங்கோ, வயல்காரர் நாரிநோவுக்குக் கடையில குளிசை வாங்கி விழுங்கிறதை விடுவிச்சு இரத்தச் சோதினைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மனசைப் பற்றி. எங்கட சனத்திட்ட உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேக்காதேங்கோ. நீங்கள் பயிற்சி எடுத்த ஆளா இருந்தாலொழியக் கேக்காதேங்கோ. ஒரு நாள் வொர்க்‌ஷொப்பில எல்லாத்தையும் கிண்டி எடுத்து அழப்பண்ணிப்போட்டு நாலு மணிக்கு வான் ஏறிப் போன ஆக்களை நான் கண்டிருக்கிறன், அந்த இரவு அந்த அக்கா தனியத்தான் கிடந்தவ. மே மாசம், போர் முடிஞ்ச அந்த நினைவு மாசம், நிலையத்தில விழா, போட்டி ஒண்டும் வைக்காதேங்கோ, கதவு மட்டும் கூட நேரம் திறந்திருக்கட்டும். நித்திரை வருதில்லை, சாப்பாடு இறங்குதில்லை, இருந்து என்னத்துக்கு எண்டு ஆரும் சொன்னா அதைச் சும்மா கதையா எடுக்கவேண்டாம், ஆளைத் தனிய விடாதேங்கோ, மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அடிக்கலாம், விடிய மனநலப் பிரிவுக்குக் கூடப் போங்கோ.

காயிதம், கடன், அடி

சமூக சேவை எண்டு பெரிய பேர், நடக்கிறது முக்கால்வாசி காயித அலுவல். பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில துலைஞ்சது, ஐடென்ரிக் காட்டில ஒரு எழுத்துப் பிழை, காணி உறுதி மாமன்ர பேரில. 2023இல அஸ்வெசும எண்ட அரச உதவிப்பணம் வந்தோன்ன எங்கட வாசலில லைன், பக்கத்து வீட்டுக்கு வந்தது எனக்கேன் வரேல்லை எண்டு. அதுக்கு மேன்முறையீடு எழுதிக் குடுக்கலாம், ஆனா இது கட்டாயம் கிடைக்கும் எண்டு ஒருக்காலும் சொல்லாதேங்கோ. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் வாங்கிக் குடுத்து, எல்லாத்திலயும் ரெண்டு கொப்பி போட்டு வைக்கச் சொல்லுங்கோ, 2018 டிசம்பர் வெள்ளத்துக்குள்ள பிளாஸ்ரிக் ஃபைலில இருந்தது மட்டும்தான் தப்பினது.

காணாமல் போன ஆக்களின்ர குடும்பங்கள் வந்தா மிச்சம் கவனம். 2016இல கொண்டுவந்த சட்டத்தால மரணச் சான்றிதழுக்குப் பதிலா காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், வங்கி, காணி அலுவலுகளுக்கு அது உதவும். எடுக்கிறதோ விடுறதோ அவையின்ர முடிவு. அது மகனைச் செத்ததா ஒத்துக்கொள்ளுறமாதிரி எண்டு ஒரு தாய் நினைச்சா, இல்லையம்மா சட்டத்தில அப்பிடி இல்லை எண்டு வாதாடி அவவை வெல்லுறதில உங்களுக்கு என்ன வருது? விபரத்தைச் சொல்லுங்கோ, பேசாமல் இருங்கோ.

நுண்கடன் எடுத்துக் கட்டேலாமல் வாற அக்காமாரிட்ட ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேக்கிற ஆளை நிலையத்தில வைச்சிருக்காதேங்கோ. முதல் ஒப்பந்தத்தை வாசியுங்கோ, கட்டின காசைக் கொப்பியில கூட்டிப் பாருங்கோ, கனபேருக்கு எவ்வளவு கட்டி முடிஞ்சுது எண்டே தெரியாது. பிறகு சட்ட உதவி ஆணைக்குழு, அங்க வசதி இல்லாத ஆக்களுக்கு இலவசம்.

வீட்டில அடி எண்டு ஒராள் வந்தா, புருசனையும் கூப்பிட்டு இருத்திக் கதைச்சுச் சேத்து வைக்கிற நாட்டாமை வேலை வேண்டவே வேண்டாம். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். 1938 மகளிருக்கான இலக்கம், பொலிசிலயும் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கு. அவ இண்டைக்கு வீட்ட போறன் எண்டா போகவிடுங்கோ, ஆனா அந்த இலக்கத்தை ஃபோனில வேற பேரில சேவ் பண்ணிக் குடுத்து விடுங்கோ.

காசு

இப்பதான் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வாறன். வாடகை, கரண்ட், பெற்றோல், ஃபோன் காட், போட்டோக்கொப்பி, சனத்துக்குப் பஸ் காசு. அவ்வளவுதான் செலவு. ஆறு மாசத்துக்கு உள்ளூரிலயே சேக்கப் பாருங்கோ, கடைக்காரர், பழைய மாணவர், பென்சன் எடுத்த ரீச்சர்மார். பிறகு வெளிநாடு. கனடா, லண்டன், சுவிஸ் ஆக்கள் மனசோடதான் தருவினம், நான் குறை சொல்லேல்லை, ஆனா பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு 50 சாப்பாட்டுப் பார்சல், அப்பாவின்ர திவசத்துக்கு 25 பள்ளிக்கூடப் பை எண்டுதான் கேப்பினம், படமும் கேப்பினம். நாங்கள் இப்ப சொல்லுறது, அண்ணை அந்தக் காசில 40 பேர் கிளினிக் போய் வரப் பஸ் காசு குடுக்கலாம், படம் தரமாட்டம், கணக்குத் தருவம். முதல்ல கொஞ்சப்பேர் கோவிச்சவை. நிண்ட ஆக்கள் இண்டைக்கும் மாசாமாசம் அனுப்பினம்.

படம் எடுக்கிறதைப் பற்றி எனக்கு விட்டா நாலு பக்கம் எழுதுவன். பை வாங்கிற பிள்ளையின்ர முகத்தை ஃபேஸ்புக்கில போட்டா அடுத்த நாள் அது வகுப்பில என்ன கேக்கும் எண்டு யோசியுங்கோ, காணும்.

கணக்குக்கு ஒரு நடைமுறை. பஸ்ஸுக்கு ரிக்கற் கிடைக்காது, ஓட்டோவுக்குப் பில் இல்லை, அதால ஒரு வவுச்சர்க் கொப்பி வைச்சுத் திகதி, தொகை, எங்கயிருந்து எங்க, கையெழுத்து. மாச முடிவில வரவு செலவை ஒரு தாளில எழுதி வாசல் போர்டில குத்துங்கோ, தொகை மட்டும், சனத்தின்ர பேர் இல்லாமல். ஊருக்குள்ள காசுக்கதை தொடங்கினா ரெண்டு கிழமை காணும் நிலையம் இழுத்து மூட, அந்தத் தாள் குத்தியிருந்தா தொடங்கிற கதையும் அதில வந்து நிண்டிடும்.

கூடப் போற ஆக்கள் களைச்சுப் போவினம், அதையும் சொல்லோணும். கிழமையில ஒரு நாள் நிலையம் பூட்டு, அண்டைக்கு ஒருத்தரும் ஃபோன் எடுக்கக் கூடாது, 1990, 1929, 1938, 1926 இந்த நாலு இலக்கமும் பெரிய எழுத்தில கதவில எழுதி விடுங்கோ. தெரியாத கேள்வியோட ஆரும் வந்தா தெரியாது எண்டு சொல்லப் பழகுங்கோ, விசாரிச்சுச் சொல்லுறன் வியாழக்கிழமை வாங்கோ எண்டு சொல்லி, வியாழக்கிழமை மழையெண்டாலும் நீங்கள் அந்தக் கதிரையில இருக்கோணும்.

திறப்பு மூண்டு வெட்டுங்கோ. ஒண்டு செயலாளர், ஒண்டு பெடியளில பொறுப்பான ஒருத்தன், மூண்டாவது பக்கத்துக் கடை அக்காவிட்ட, முதல் பஸ்ஸில வந்து இறங்கிற சனத்தை நீங்கள் வரும்மட்டும் அவ உள்ளுக்க இருத்தித் தண்ணி குடுப்பா.